பத்து நாள் கேமரா

பார்சல் வந்த அன்று லிஃப்ட்காரர் காலையிலிருந்து நான்கு கட்டடங்களில் ஏறி இறங்கியிருந்தார். ஏறி இறங்கினார் என்றால் படிக்கட்டில். லிஃப்ட் ஓடாத இடத்துக்குத்தான் பழுதுபார்க்க அவரைக் கூப்பிடுவார்கள் என்பதால், அந்தத் தொழிலில் இருப்பவருக்கு லிஃப்டில் போகும் பாக்கியம் அவ்வளவாக வாய்ப்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டியை மடியில் வைத்து, ஒட்டியிருந்த டேப்பின் நுனியில் நகத்தைக் கொடுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்தபோது விரல் இன்னும் டேப்பின் மேல்தான் இருந்தது.

"பெட்டியைப் பிரிக்கவும் ஒரு நாள் லீவு போடணுமா?"

"பிரிக்கிறேன்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். பிரித்தது மறுநாள்.

பதினொரு வருடமாக அவர் விடாமல் வாங்கும் புகைப்பட இதழ் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை வாசகர்களில் ஆறு பேரைப் பொறுக்கி, சந்தைக்குப் புதிதாக வந்த கேமரா ஒன்றைப் பத்து நாள் கையில் கொடுத்து, அவர்கள் சொல்வதை மதிப்பீடாக வெளியிடுவார்கள். வருடா வருடம் இவரும் எழுதிப் போடுவார். வருடா வருடம் பதில் வராது. இந்த வருடம் வந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். இவருக்குப் பழம் விழுந்த நேரம், கிண்ணத்தைத் தூக்கக் கை எழவில்லை. ஐந்து பேர் பார்த்த வேலையை மூன்று மாதமாக மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன இருவருக்குப் பதிலாக ஆள் வரும், வரும் என்று மேலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தது புகார்கள்தான்.

பெட்டிக்குள் இருந்த கேமரா உள்ளங்கைக்குள் அடங்கியது. ஆனால் சாதாரணச் சிறு கேமரா இல்லை. சென்சார் பெரியது, லென்ஸ் மங்கலிலும் வெளிச்சத்தை அள்ளிக்கொள்வது, லென்ஸைச் சுற்றி ஒரு வளையம், மேலே ஒளியைக் கூட்டிக் குறைக்கத் தனியாக ஒரு சக்கரம், பின்னால் மடக்கித் திருப்பும் திரை. பெரிய கேமராவில் இருப்பதையெல்லாம் ஒரு சோப்புப் பெட்டிக்குள் திணித்த மாதிரி. பத்து வருடத்துக்கு முன் இது கிடைத்திருந்தால் அன்று அவர் சாப்பிட்டிருக்க மாட்டார். இப்போது பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, கூட வந்த படிவத்தைப் புரட்டினார். அறுபத்து நான்கு கேள்விகள். முதல் வரியிலேயே "அன்புள்ள ஆர்வலருக்கு" என்று இருந்தது. அந்த வார்த்தையைப் பார்த்ததும், வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டவர் போல ஒரு கூச்சம் வந்தது. அவருடைய பெரிய கேமரா அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. கடைசியாக அதை எடுத்தது மகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்ட அன்று. அதற்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

சரி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவோம், நடுவில் எங்காவது எடுக்கலாம் என்று நினைத்தார். பை கனத்து ஒரு பக்கம் இழுத்தது. கையெல்லாம் கிரீஸ். துடைத்துவிட்டு எடுக்கலாம் என்பதற்குள் அடுத்த கட்டடத்திலிருந்து போன் வந்துவிடும். நான்காம் நாள் ஒரு பழைய கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்றபடி, இருட்டில் மேலே போகும் கம்பிவடங்களை மூன்று படம் எடுத்தார்.

கூட இருந்தவர் சைலன்ஸர். வாய்க்கு அது இல்லை என்பதால் வந்த பெயர். பதினெட்டு வருடச் சகா.

"அண்ணே, கம்பியை எடுத்து என்ன பண்ணப் போறீங்க? கம்பிக்குக் கல்யாணமா?"

"கேமரா இருட்டுல எப்படி எடுக்குதுன்னு பார்க்கணும்."

"இருட்டு இருட்டாத்தான் இருக்கும். இதுக்கு ஒரு படிவமா?"

மதியம் பார்த்தார். குறை சொல்ல முடியாத படங்கள். அவ்வளவு மெதுவான ஷட்டரிலும் கை ஆட்டம் தெரியவில்லை. வடத்தின் ஒவ்வொரு முறுக்கும் எண்ணலாம் போல இருந்தது. ஆனாலும் உதிரி பாகங்களின் விலைப்பட்டியலில் போடுகிற படம் மாதிரி இருந்தன. ஒன்பது கேள்விகளுக்கு விடை எழுதினார். "கைப்பிடி: திருப்தி. கூர்மை: நன்று." அதற்குமேல் பேனா நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமையை நம்பியிருந்தார். விடிவதற்குள் எழுந்து பாலத்துக்குப் போய், ஆற்றின் மேல் பனி இருக்கும்போதே இயற்கைக் காட்சிக் கேள்விகளை முடித்துவிடுவது என்று திட்டம். கண் விழித்தபோது சுவர்க் கடிகாரம் பதினொன்றரை காட்டியது.

"ஏன் எழுப்பல?" என்று கத்தியபடி கூடத்துக்கு வந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வாரம் ஆறு நாள் மடிப்பவள், ஏழாம் நாளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். "எழுப்பினேனே. ரெண்டு தடவை. 'அஞ்சாவது மாடிக்கு வந்துட்டேன், கதவைத் திறக்காதீங்க'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டீங்க."

"தண்ணி தெளிச்சாவது எழுப்பியிருக்கலாம்ல. பதினோரு வருஷம் காத்திருந்து வந்தது."

"மூணு மாசமா நீங்க தூங்கினதே இல்ல. தூங்குற மனுஷனை ஆத்தைப் பாருன்னு எழுப்புற அளவுக்கு எனக்குக் கல் மனசு இல்ல. ஆறு எங்கயும் போயிடாது."

"கேமரா போயிடும்."

"போகட்டும்."

அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. சண்டை போடவும் தெம்பு வேண்டும். இருவரிடமும் அது இல்லை. சாயங்காலம் சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து, ஒருவர் எழுந்து விளக்கைப் போடட்டும் என்று இன்னொருவர் காத்து, கடைசியில் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கள்கிழமை பை மாறிப்போனது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு சாம்பல் நிறத் துணிப்பைகள். சட்டைப்பை இழுக்கிறது என்று கேமராவை அவர் சாப்பாட்டுப் பையில் போட்டு வைத்திருந்தார். மனைவிக்கு வேலை ஆறு மணிக்கு. அவசரத்தில் கைக்கு வந்த பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மதியம் இவர் பையைத் திறந்தபோது டப்பாவுக்குப் பக்கத்தில் தலைமுடியை மூடிக் கட்டும் நீலத் துணித் தொப்பி ஒன்று இருந்தது.

சைலன்ஸர் அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "அண்ணே, இதுக்கும் அறுபத்து நாலு கேள்வி உண்டா?" என்றார்.

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. சலவைக்கூடம் என்றால் தண்ணீரும் நீராவியும். தண்ணீர் புகாத கேமரா அல்ல அது, படிவத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். போன் அடித்துப் பார்த்தார். வேலை நேரத்தில் அவள் போன் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். அடுத்தடுத்து வந்த புகார்களில் மறுபடி அடித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேமராவை மேஜைமேல் வைத்தாள். "உங்க பொம்மை பத்திரம். ஒரு சொட்டுத் தண்ணி படல." திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மைதான். அதோடு விட்டுவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

பார்த்தது புதன்கிழமை. ஒரு வங்கிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், மோட்டார் அறை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டபின், மீதி ஐம்பத்தைந்து கேள்விகளை எப்படியாவது இட்டுக்கட்டி முடித்துவிடலாம் என்று கேமராவைத் திறந்தார். தன்னுடைய மூன்று கம்பிவடங்களுக்கு அடுத்து நாற்பத்தேழு படங்கள் இருந்தன.

முதல் படம் கூரை. இரண்டாவது அவளுடைய செருப்பு. மூன்றாவது ஏதோ வெள்ளையாக, ஒன்றும் புரியவில்லை. நான்காவதில் ஒரு முன்னங்கை. முழங்கைவரை ஈரம், விரல்கள் ஊறிச் சுருங்கியிருக்க, ஒரு படுக்கைவிரிப்பின் மூலையைப் பிடித்திருந்தது. அந்த மூலையிலிருந்து விரிப்பு படச் சட்டத்துக்கு வெளியே இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. அடுத்ததில் இஸ்திரி உருளைக்கு அந்தப் பக்கம், ஆவிக்குள் பாதி மறைந்து, நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி குனிந்திருந்தார்கள். படம் சாய்ந்திருந்தது. ஒருத்தியின் தலை வெட்டுப்பட்டிருந்தது. இன்னொன்றில், மடித்து அடுக்கிய விரிப்புகளின்மேல் சாய்ந்து ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூக்கத்திலும் ஒரு கை, சரியும் அடுக்கைத் தாங்கிப் பிடித்தபடியே இருந்தது.

முதலில் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. ஒளிச் சக்கரம் எங்கேயோ திரும்பிக் கிடந்தது. தெரியாமல் விரல் பட்டிருக்கும். ஆவி எல்லாம் வெளுத்துப் போய்விட்டது. பிறகு விரிப்புகளைப் பார்த்தார். அவை வெள்ளையாக இருந்தன. வெள்ளைத் துணியைக் கேமராவின் போக்குக்கு விட்டால் சாம்பலாக்கிவிடும், கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும் என்று எத்தனையோ கட்டுரையில் படித்து அடிக்கோடு போட்டவர் அவர். ஒன்றும் படிக்காமல் அந்தச் சக்கரம் சரியான இடத்தில் நின்றிருந்தது.

எரிச்சல் போன இடத்தில் பொறாமை வந்து உட்கார்ந்தது. கட்டின பெண்டாட்டிமேல் பொறாமையா என்று கேட்டால் என்ன சொல்வது? வந்தது, அவ்வளவுதான். அதற்கும் பின்னால், மெதுவாக, இன்னொன்று தெரிந்தது. பத்தொன்பது வருடமாக அவள் தினம் போய்வரும் இடத்தை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

சைலன்ஸர் தோள்மேல் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு படமாக நகர்த்த நகர்த்தப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெயர் வைத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொண்டார். தூங்கும் அம்மாள் படத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"நீங்களா எடுத்தீங்க அண்ணே?"

லிஃப்ட்காரர், "ம்" என்றார்.

ஒரே எழுத்துதான். சைலன்ஸர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வேலைக்கு எழுந்து போனார். இவர் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். தட்டிய இடம் சுட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் படிவத்தை மேஜைமேல் விரித்தார். காலையில் கேமராவைத் திருப்பி அனுப்ப வேண்டும். மனைவி எதிரே உட்கார்ந்து, கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள்.

"படமெல்லாம் பார்த்தேன்" என்றார்.

"அழிச்சிடலாம்னு நினைச்சேன். எந்தப் பட்டன்னு தெரியல. பத்து மணி இடைவேளையில பையைத் திறந்தா இது இருந்துச்சு. சும்மா கெடக்குதேன்னு எடுத்தேன்."

"அவங்ககிட்டல்லாம் கேட்டுட்டுத்தான் எடுத்தியா?"

"கேக்காம எடுப்பேனா? பெரியக்காகிட்ட மட்டும் எழுந்ததுக்கப்புறம் காட்டினேன். 'அடிப்பாவி, நான் தூங்கலைன்னு மேஸ்திரிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்டி'ன்னாங்க. அப்புறம் வெச்சுக்கன்னுட்டாங்க."

"அங்க எப்பவும் இவ்வளவு புகையா?"

"புகை இல்ல, ஆவி." முழங்காலை நீவிக்கொண்டே, "நீங்க கேட்டதே இல்லையே" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் படிவத்தைப் பார்த்தார். "தேர்ந்தெடுக்கப்பட்ட வாசகர் எடுத்த படங்கள் மட்டுமே ஏற்கப்படும்" என்று அடியில் போட்டிருந்தது. படித்துக் காட்டினார்.

"அதுக்கென்ன? உங்க பேரைப் போட்டுக்கோங்க. எனக்கு அதுல ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"ஒருத்தன்கிட்ட அப்படித்தான் சொல்லித் தொலைச்சேன். நேத்திலிருந்து சோறு இறங்கல."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கால்களைக் கீழே இறக்கி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "சரி, கேள்வியைப் படிங்க."

"கைப்பிடி எப்படி?"

"நீங்க என்ன எழுதினீங்க?"

"திருப்தின்னு."

"ஈரக் கையில பிடிச்சுப் பார்த்தீங்களா? சோப்புக்கட்டி மாதிரி வழுக்குது. கயிறை மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டுத்தான் எடுத்தேன்."

அவர் "திருப்தி"யை அடித்துவிட்டு அதை அப்படியே எழுதினார்.

"மெனு?"

"தெரியாம ஒரு தடவை உள்ள போயிட்டேன். கதவுக்குள்ள கதவு, கதவுக்குள்ள கதவு. வெளிய வர வழி தெரியாம அணைச்சுட்டு மறுபடி போட்டேன்."

"திரை?"

"அது நல்லாருக்கு. மடக்கி இடுப்புகிட்ட வெச்சுக் குனிஞ்சு பார்க்கலாம். முகத்துக்கு நேரா நீட்டினா எல்லாரும் சிரிக்க ஆரம்பிச்சிடுறாங்க, முடியை ஒதுக்குறாங்க. இடுப்புல இருந்தா வேலையைப் பார்க்குறாங்க. சத்தமும் போடறதில்ல இது. அதுக்கே ஒரு மார்க் குடுக்கலாம்."

அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சொல்லு, சொல்லு."

இரண்டு மணி நேரம் ஆனது. இடையில் அவள் இரண்டு தடவை கண் அயர்ந்தாள், அவர் ஒரு தடவை. லென்ஸில் ஆவி படிந்தால் துடைக்க என்ன வழி, பேட்டரி மூடி நகத்துக்கு ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேள்வியில் இல்லாததையும் அவள் சொன்னாள். அவர் ஓரத்தில் எழுதினார். அறுபத்து நான்காவது கேள்வி: "இந்தக் கேமரா உங்கள் ஆர்வத்தைக் கூட்டியதா?" அதை அவர் படித்துக் காட்டவில்லை. தானே எழுதினார். கேமரா வந்தபோது என்னிடம் ஆர்வம் இருக்கவில்லை, அசதிதான் இருந்தது. நான் எடுத்தவை முதல் மூன்று படங்கள் மட்டும். மற்றவை என் மனைவி எடுத்தவை, இதிலுள்ள நல்ல விடைகளும் அவளுடையவை. விதிப்படி இது செல்லாது என்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள். ஆனால் கேமராவைப் பற்றி உண்மை தெரிய வேண்டுமென்றால் அவள் சொன்னதைப் படியுங்கள்.

மறுநாள் கேமராவைத் தபாலில் சேர்த்துவிட்டு வேலைக்குப் போனதும் சைலன்ஸரிடம், "அந்தப் படமெல்லாம் நான் எடுக்கல. வீட்டுல எடுத்தது" என்றார்.

சைலன்ஸர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "அதானே பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல நமக்கென்ன லிஃப்ட்டுன்னு அப்பவே யோசிச்சேன்" என்றார்.

"பின்ன ஏன் கேக்கல?"

"உங்க மூஞ்சியில மூணு மாசம் கழிச்சு ஒரு வெளிச்சம் வந்துச்சு. அதை எதுக்கு அணைக்கணும்?"

இரண்டு வாரம் கழித்து இதழின் துணை ஆசிரியை போன் செய்தாள். விதி விதிதான், படங்களைப் போட முடியாது என்றாள். குரலில் வருத்தம் இருந்தது. விடைகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், உங்கள் மனைவியின் பெயரையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டாள். இதழ் வந்தபோது ஆறு பக்க மதிப்பீட்டில், ஆய்வுக்கூட அளவுகளுக்கும் வரைபடங்களுக்கும் நடுவில், தனிக் கட்டமாக இரண்டு வரிகள் இருந்தன: "ஈரக் கையில் வழுக்குகிறது. வேலை செய்கிறவர்கள் கையில் ஈரம் இருக்கும் என்பதைக் கேமராவைச் செய்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை." கீழே இருவர் பெயரும்.

மனைவி இரண்டு தடவை படித்தாள். "ரெண்டாவது வரி நான் சொல்லல."

"நான் சேர்த்தேன்."

"நல்லாத்தான் இருக்கு" என்று இதழை மடித்து, மடித்த துணிகளோடு சேர்த்து அலமாரியில் வைத்தாள். மேல்தட்டிலிருந்த பெரிய கேமராவை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிக்கிட்டா திரிஞ்சீங்க? கடவுளே" என்று திரும்ப வைத்துவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் ஒருவழியாகப் புதிதாக ஒரு மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்தார். லிஃப்ட்காரருக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வு கிடைத்தது. பாதி நாள் தூங்கினார். எழுந்து குளித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், பஸ் ஏறி ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போய் நின்றார். இரண்டு மணிக்குப் பெண்கள் வெளியே வந்தார்கள். மனைவி அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" நம்பாமல் அவர் முகத்தை ஆராய்ந்தாள். பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் முறைத்தாள், ஆனால் பையை அவர் கையில் கொடுத்தாள்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. உருளைக்குப் புது உறை போட்டது, ஒரு விரிப்பு சிக்கி அரை மணி நேரம் எல்லாம் நின்றது என்று அவள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவரும் கேட்டுக்கொண்டு வந்தார். யார் முதலில் தூங்கியது என்று தெரியாது. நடத்துநர் தட்டி எழுப்பியபோது பஸ் கடைசி நிறுத்தத்தில் காலியாக நின்றிருந்தது. அவர்கள் இறங்க வேண்டிய இடம் நான்கு நிறுத்தங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

"நீங்க முழிச்சிருக்கீங்கன்னு நினைச்சுத்தான் நான் கண்ணை மூடினேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான்."

திரும்பப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வெயில் கொஞ்சம் தணிந்திருந்தது. காத்திருந்தால் மறுபடியும் தூங்கிவிடுவோம் என்று அவள் சொன்னாள். இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள்.